கோப்பு வடிவத்துக்கு எந்த அடையாளம்? சிறு ஆவணச் சேகரிப்புகளுக்கான ஓர் ஒப்பீடு

ஸ்கேன் வேலை முடிந்துவிட்டது. மீதரவை, அதாவது ஒவ்வொரு கோப்பையும் பற்றிய விவரக் குறிப்பை, பிறர் தரவோடு இணையக்கூடிய இணைப்புத் தரவாக, ஆர்டிஎஃப் என்ற முறையில் வெளியிடலாம் என்றும் முடிவெடுத்தாயிற்று. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இடம் என்று விறுவிறுவென்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் 'வடிவம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். 'பிடிஎஃப்' என்று எழுதினால் போதுமா? 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று எழுத வேண்டுமா? யூஆர்ஐ, அதாவது இணைய முகவரி போன்ற அடையாளம் ஒன்று போட வேண்டுமென்றால் யாருடைய யூஆர்ஐ?

திருகோணமலையில் இந்தக் கேள்வி வருவது பெரும்பாலும் சின்னக் குழுக்களிடமிருந்துதான். சனசமூக நிலையத்தின் பழைய ஆண்டு மலர்களைச் சேர்ப்பவர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்களைச் சேர்ப்பவர்கள், மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கத்து மீனவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள். குழுவில் கணினி தெரிந்தவர் ஒருவர், நூலக வேலை தெரிந்தவர் ஒருவர் என்று இருப்பார்கள். முன்னவர் "வெறும் எழுத்துச் சரம் போதும், ஏன் தலையை உடைக்கிறீர்கள்" என்பார். பின்னவர் "பத்து வருடம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்க வேண்டாமா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். கோப்பை வாசகருக்குக் கொடுப்பதற்கு ஓர் அடையாளம், கோப்பைப் பாதுகாப்பதற்கு இன்னோர் அடையாளம், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரே கட்டத்தில் இரண்டையும் அடைக்கப் போனால்தான் சிக்கல். எந்த அடையாளம் எந்தக் கட்டத்துக்கு என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்ன விஷயம்: அடையாளங்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் மீதரவில் அவற்றை உரிய ஆங்கில எழுத்துகளில், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் எழுத வேண்டும். இது ஏன் முக்கியம் என்பது போகப் போகத் தெரியும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலாவது நுணுக்கம். சந்தையில் 'மீன்' என்று சொன்னால் போதும் என்கிற ஆளும் உண்டு, 'பாரையா, சூரையா' என்று கேட்கிற ஆளும் உண்டு. கோப்பைத் திறந்து காட்டும் உலாவிக்கு 'இது பிடிஎஃப்' என்று தெரிந்தால் போதும். பாதுகாப்பவருக்கு அது பிடிஎஃப் 1.4ஆ, நீண்டகாலப் பாதுகாப்புக்கென்று வகுத்த பிடிஎஃப்/ஏ-1பியா என்பது தெரிய வேண்டும்.

இரண்டாவது, அந்த அடையாளத்தை யார் காப்பாற்றுகிறார்கள் என்பது. யூஆர்ஐ என்பது பிறர் கொடுத்த வாக்கு. அந்த வாக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார், எத்தனை காலம் இருப்பார் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, யூஆர்ஐயைத் தொடர்ந்து போனால் இயந்திரம் படிக்கக்கூடிய தரவு கிடைக்கிறதா, மனிதர் வாசிக்கும் பக்கம் மட்டும் கிடைக்கிறதா, ஒன்றுமே கிடைக்கவில்லையா.

நான்காவது, கருவிகள். நாம் கையால் எழுத வேண்டுமா, மென்பொருள் தானே கண்டுபிடித்துத் தருமா? அப்புறம், நம் தரவை எடுத்துக்கொள்ளும் பக்கத்துக்கு அது புரியுமா?

ஐந்தாவது, தமிழ்ப் பெயர். எங்கள் வாசகர் திரையில் பார்க்கப் போவது யூஆர்ஐயை அல்ல, பெயரை. அந்தப் பெயர் எங்கிருந்து வரும்?

## தெரிவு 1: வெறும் சரம்

'இமேஜ்/ஜேபெக்', 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று ஊடக வகையை, அதாவது கோப்பு எந்த இனம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் பெயரை, அப்படியே எழுத்துச் சரமாக எழுதிவிடுவது. இந்த வகைப் பெயர்கள் மின்னஞ்சலுக்காக வகுக்கப்பட்டவை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 2046 என்ற இணையத் தர ஆவணம் முதல் இணையம் முழுக்க இவைதான் ஓடுகின்றன.

இதை ஏளனம் செய்ய வேண்டாம். டிரிபிள்-ஐ-எஃப் என்ற படப் பகிர்வுத் தரத்தின் முறையில் படங்களைக் காட்டினால், 'ஃபார்மட்' என்ற இடத்தில் அது எதிர்பார்ப்பது சரத்தைத்தான். அங்கே யூஆர்ஐ போட்டால் படம் காட்டும் மென்பொருள் குழம்பும். தேடுபொறிகள் படிக்கும் ஸ்கீமா.ஆர்க் சொல்தொகுதியின் 'என்கோடிங்ஃபார்மட்' சரத்தையும் ஏற்கும், யூஆர்ஐயையும் ஏற்கும். டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருள் தன் வடிவப் பட்டியலை ஊடக வகையைக் கொண்டுதான் வைத்திருக்கிறது. ஃபெடோரா களஞ்சியமும் ஊடக வகையைச் சரமாகவே சேமிக்கிறது. ஆகவே உங்கள் மென்பொருள் ஏற்கெனவே சரத்தை எழுதிக்கொண்டிருக்கும், நீங்கள் தடுத்தாலும்.

மறைந்த செலவு பின்னால் வரும். சரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் 'பிடிஎஃப்' என்பார், ஒருவர் புள்ளி வைத்து '.பிடிஎஃப்' என்பார், இன்னொருவர் முழு ஊடக வகையை எழுதுவார். ஒழுங்காக எழுதினாலும் தப்ப முடியாத இடங்கள் உண்டு. குரல்பதிவுகளில் நாம் அதிகம் வைத்திருக்கும் வேவ் கோப்பை எடுங்கள். 'ஆடியோ/வேவ்' என்பதற்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல், 'ஆடியோ/எக்ஸ்-வேவ்' என்று ஒன்று, 1998இன் ஆர்எஃப்சி 2361 தந்த 'ஆடியோ/விஎன்டி.வேவ்' என்று ஒன்று. நான்கும் ஒரே வடிவத்தைத்தான் சொல்கின்றன. ஆர்டிஎஃப் தரவைத் தேடும் ஸ்பார்க்கிள் மொழி வினவலுக்கு அவை நான்கு வேறு சரங்கள். 'எங்களிடம் எத்தனை வேவ் பதிவு இருக்கிறது' என்று கேட்டால் கால்வாசிப் பதில்தான் வரும், அது கால்வாசி என்பதும் தெரியாது.

இன்னொன்று, எந்தப் பண்பை, அதாவது எந்தப் பெயருள்ள கட்டத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது. டப்ளின் கோர் என்ற மீதரவுத் தரத்தின் பழைய 15 பண்புகள் கொண்ட 1.1 தொகுதியில் உள்ள 'ஃபார்மட்' சரத்தைத் தாராளமாக ஏற்கும். புதிய 'டிசி டெர்ம்ஸ்' தொகுதியில் உள்ள அதே பெயர்ப் பண்பு எதிர்பார்ப்பது ஒரு பொருளை, அதாவது யூஆர்ஐயை, அல்லது குறைந்தபட்சம் யூஆர்ஐ இல்லாத பொருளைக் குறிக்கும் பெயரற்ற முடிச்சு ஒன்றை. இதில் சரத்தைப் போடுகிறவர்கள் ஏராளம். யாரும் வந்து பிடிக்கப் போவதில்லைதான். ஆனால் உங்கள் தரவை வேறோர் இணையவாசல் ஆர்டிஎஃப்பைச் சரிபார்க்கும் ஷாக்கிள் விதிகளால் சோதித்தால் அந்த இடத்தில் பிழை காட்டலாம். சரம் போடுவதென்றால் 1.1 தொகுதியில் போடுங்கள்.

எப்போது இதுவே நல்ல தெரிவு: படங்களைக் காட்டுவது மட்டும் நோக்கமாக இருந்தால், அல்லது சேகரிப்பு முழுக்க இரண்டு மூன்று வடிவங்கள்தான் என்றால்.

## தெரிவு 2: ஐயானா யூஆர்ஐ

அதே ஊடக வகையை, அவற்றைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பின் பதிவேட்டு முகவரியோடு சேர்த்து யூஆர்ஐயாக எழுதுவது. தரவுப் பட்டியல்களுக்கான டிகேட் தரம் 'மீடியாடைப்' என்ற பண்பில் இதைத்தான் எதிர்பார்க்கிறது. வடிவம் ஐயானாவில் பதிவாகியிருந்தால் அந்தப் பண்பு, இல்லாவிட்டால் பொதுவான 'ஃபார்மட்' பண்பு என்பது அதன் வழி. மழையளவு, மீன்பிடி அளவு போன்றவற்றை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வெளியிட நினைப்பவர்களுக்கு இதுதான் நேர்வழி. சிஎஸ்விக்கு 2005இன் ஆர்எஃப்சி 4180 முதலே பதிவு இருக்கிறது.

பதிவேட்டைக் காப்பது இணையத்தின் அடிப்படை எண்களையும் பெயர்களையும் காக்கிற அமைப்பு. வாக்குக்குப் பின்னால் இதைவிடக் கனமான ஆள் கிடைப்பது கஷ்டம். பட்டியலைச் சிஎஸ்வியாக ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலே சரிபார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இது சின்ன வசதி அல்ல.

இனி சங்கடங்கள். ஐயானா ஆர்டிஎஃப் தருவதில்லை. யூஆர்ஐயைத் தொடர்ந்தால் வருவது பதிவுப் படிவம், மனிதர் வாசிப்பதற்கானது. பழைய வகைகள் சிலவற்றுக்கு, எல்லோரும் பயன்படுத்தும் 'இமேஜ்/ஜேபெக்' உட்பட, அந்தப் படிவம்கூட இல்லாமல் ஆர்எஃப்சி மேற்கோள் மட்டும் இருக்கும். அதாவது யூஆர்ஐ அடையாளமாக நன்றாக வேலை செய்யும், இணைப்பாக அரைகுறையாகத்தான். ஆர்டிஎஃப்பாகவே வேண்டுமென்றால் எஸ்பிஏஆர் என்ற சொல்தொகுதிக் குழு இதே பட்டியலை டபிள்யூ3ஐடி என்ற நிலையான வழிமாற்று முகவரியில் ஆர்டிஎஃப்பாக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது மூலம் அல்ல, மூலத்தின் பிரதி.

அப்புறம் எழுத்துச் சங்கடம். ஊடக வகையைச் சரமாக எழுதும்போது பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டல்ல என்பது அதன் விதி. அதையே யூஆர்ஐக்குள் வைத்ததும் யூஆர்ஐயின் விதி வந்துவிடுகிறது. ஒரு பெரிய எழுத்து புகுந்தால் அது வேறொரு அடையாளம். அதேபோல் முகவரி 'எச்டிடிபி' என்று தொடங்குவதும் 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்குவதும் ஆர்டிஎஃப்புக்கு இரண்டு வேறு பொருள்கள். உலாவியில் இரண்டும் ஒரே பக்கத்தைத்தான் திறக்கும், அதனால் கண்ணால் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறர் தரவோடு சேர்க்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நுணுக்கத்தில் இது சரத்தைவிட ஒரு துளியும் கூடியதல்ல. பிடிஎஃப் எல்லாமே ஒரே வகைதான். பாதுகாப்புக்கான பிடிஎஃப்/ஏ-1, ஐஎஸ்ஓ 19005-1 என்று 2005இல் வந்தது. அதற்கும் ஊடக வகை 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்'தான். வேறுபடுத்த வேண்டுமானால் 'கன்ஃபார்ம்ஸ்டூ' என்ற இன்னொரு பண்பில் தரத்தைச் சொல்ல வேண்டும்.

ஜிப் பற்றி ஒரு வார்த்தை. நூறு படங்களை ஜிப் செய்து ஏற்றிவிட்டு வடிவம் 'அப்ளிகேஷன்/ஜிப்' என்று எழுதுகிறார்கள். வாசகருக்கு அது எதையும் சொல்லவில்லை. 2020இல் வந்த டிகேட் இரண்டாம் பதிப்பில் பொதிவடிவத்துக்கும் சுருக்கவடிவத்துக்கும் தனிப் பண்புகள் இருக்கின்றன. ஜிப்பை அங்கே போட்டுவிட்டு உள்ளே இருப்பதன் வடிவத்தை 'மீடியாடைப்'பில் சொல்லுங்கள்.

## தெரிவு 3: ப்ரோனோம் எண்

இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் கோப்பு வடிவப் பதிவேடு ப்ரோனோம். 2002 முதல் இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும், பல சமயம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண். பிடிஎஃப் 1.4 என்றால் எஃப்எம்டி/18, பிடிஎஃப் 1.7 என்றால் எஃப்எம்டி/276, பிடிஎஃப்/ஏ-1பி என்றால் எஃப்எம்டி/354, டிஃப் என்றால் எஃப்எம்டி/353. நூலகரின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது இதுதான்.

இதன் பெரிய பலம் எண்ணில் இல்லை, எண்ணைக் கண்டுபிடிக்கும் கருவியில் இருக்கிறது. ட்ராய்டு என்ற இலவச மென்பொருள் கோப்பின் பெயரை மட்டும் நம்பாமல் முதலில் உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து எண்ணைச் சொல்லும். சீக்ஃப்ரீட் என்று இன்னொன்றும் உண்டு. அடையாளக் கோப்பை ஒரு தடவை இறக்கிவிட்டால் இரண்டுமே இணையம் இல்லாமல் ஓடும். வன்தட்டு முழுவதையும் ஓடவிட்டு எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் எண்ணும் ஊடக வகையும் பட்டியலாகக் கிடைக்கும். பெயரில் '.டாக்' என்றிருந்து உள்ளே ஆர்டிஎஃப் வகை உரைக்கோப்பாக இருப்பவை அப்போது வெளிச்சத்துக்கு வரும். (இந்த ஆர்டிஎஃப் ரிச் டெக்ஸ்ட். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆர்டிஎஃப்புக்கும் இதற்கும் உறவு கிடையாது.)

இன்னும் ஒரு பயன் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கைபேசியிலோ கமெராவிலோ எடுத்த மூலப்படம் பெரும்பாலும் எக்ஸிஃப் தகவலோடு (எடுத்த நேரம், கருவி போன்ற குறிப்புகள்) இருக்கும், அதற்கு எக்ஸ்-எஃப்எம்டி/391 போன்ற எண் வரும். அதே படம் வாட்ஸ்அப் வழியாக வந்திருந்தால் எக்ஸிஃப் உதிர்ந்து, எஃப்எம்டி/43 போன்ற சாதாரண ஜேபெக் எண்ணாக மாறியிருக்கும். ஊர்க்காரர்கள் அனுப்பிய பழைய திருவிழாப் படங்களில் எது மூலம், எது கைமாறி வந்தது என்பதற்கு இது உறுதியான சான்று இல்லை. ஆனால் நல்ல துப்பு. ஊடக வகை இரண்டையும் 'இமேஜ்/ஜேபெக்' என்று ஒன்றாக்கிவிடும்.

சரி, செலவுகள். முதலாவது, இந்த நுணுக்கமே சுமையாகும் இடங்கள். 'எல்லாப் பிடிஎஃப்பும் கொடு' என்று கேட்க வேண்டுமென்றால் 1.0 முதல் 1.6 வரை எஃப்எம்டி/14இலிருந்து எஃப்எம்டி/20 வரை, அப்புறம் 276, அப்புறம் பிடிஎஃப்/ஏ வகைகள் என்று நீண்ட பட்டியலை வினவலில் எழுத வேண்டும். எண்களுக்குள் 'இது அதன் வகை' என்ற உறவு உங்கள் தரவில் தானாக வராது.

இரண்டாவது, எந்த யூஆர்ஐ வடிவம் என்பது. 'இன்ஃபோ:ப்ரோனோம்/' என்று தொடங்கும் வடிவம் ஒன்று பாதுகாப்பு உலகில் புழக்கத்தில் இருக்கிறது. அது தெளிவான அடையாளம், ஆனால் உலாவியில் போட்டால் எங்கும் போகாது. ஆவணக் காப்பகத்தின் இணைய முகவரியோடு எழுதினால் பக்கம் திறக்கும், ஆனால் தளத்தை மாற்றி அமைத்தால் முகவரி மாறக்கூடும். நான் 'இன்ஃபோ' வடிவத்தையே எழுதச் சொல்வேன். திறக்காத அடையாளம், திறந்து பிறகு உடைகிற அடையாளத்தைவிட மேல். 'இணைப்புத் தரவு என்றால் தொடர்ந்து போக முடிய வேண்டும்' என்று வாதிடுபவர்கள் என்னோடு இங்கே முரண்படுவார்கள்.

மூன்றாவது, எண்களும் ஓய்வு பெறும். டிஃப் வடிவத்துக்கு முன்பு பதிப்புவாரியாக எஃப்எம்டி/7 முதல் எஃப்எம்டி/10 வரை நான்கு எண்கள் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் எஃப்எம்டி/353 என்ற ஒன்றுக்குள் கொண்டுவந்தார்கள். பழைய மீதரவில் எஃப்எம்டி/10 என்று கிடந்தால் அது பிழையல்ல, பழையது.

நான்காவது, ட்ராய்டு ஒரு கோப்பைப் பிடிஎஃப்/ஏ என்று சொன்னால், அந்தக் கோப்பு தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறது என்றுதான் பொருள். உண்மையில் தரத்துக்கு உடன்படுகிறதா என்று பார்க்க வெராபிடிஎஃப் போன்ற சோதனைக் கருவி வேண்டும்.

## தெரிவு 4: விக்கித்தரவு

விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாவின் உறவுத் திட்டமான, யாரும் திருத்தக்கூடிய தரவுத்தளம். அதில் பிடிஎஃப்புக்கு கியூ42332, ஜேபெக்குக்கு கியூ2195, டிஃப்புக்கு கியூ215106. இந்த யூஆர்ஐகளைத் தொடர்ந்தால் ஒழுங்கான ஆர்டிஎஃப் வருகிறது. ஊடக வகைக்குப் பி1163, ப்ரோனோம் எண்ணுக்குப் பி2748, கோப்பு நீட்சிக்குப் பி1195 என்று பண்புகள் இருப்பதால், மற்ற எல்லாப் பதிவேடுகளுக்கும் இங்கிருந்து பாலம் கிடைக்கிறது. தமிழ்ப் பெயரும் இங்கேதான் கிடைக்கும். பெயர் இல்லாத உருப்படிக்கு நீங்களே சேர்த்துவிடலாம். இந்த ஒப்பீட்டில் உள்ள வேறெந்தப் பதிவேட்டிலும் தமிழுக்கு இப்படியோர் இடம் இல்லை. உரிமமும் சிசி0, அதாவது பொதுவுடைமை, எடுத்துப் போவதற்குத் தடையில்லை.

அப்படியென்றால் இதையே முதன்மை அடையாளமாக வைத்துவிடலாமே? வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. யாரும் திருத்தலாம் என்பதால் உருப்படியின் பொருள் நகரும். ஜேபெக் என்பது சுருக்க முறையின் பெயர், அந்த முறையில் சேமித்த கோப்பையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒரே உருப்படி எதைக் குறிக்கிறது என்பது, கடைசியாகத் திருத்தியவரைப் பொறுத்தது. இரண்டு உருப்படிகளை இணைத்தால் ஒன்று மற்றதுக்கு வழிமாற்றப்படும். மனிதருக்கு அது தெரியாது, உங்கள் கணினியில் சேமித்து வைத்த வினவலுக்குத் தெரிந்துவிடும், பதில் வராமல் போவதன் மூலம்.

நடைமுறைப் பொறி ஒன்றும் இருக்கிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுத்து ஒட்டினால் 'எச்டிடிபிஎஸ்' என்றும் நடுவில் 'விக்கி' என்றும் வரும். அது பக்கத்தின் முகவரி. வடிவத்தின் யூஆர்ஐ 'எச்டிடிபி' என்று தொடங்கி நடுவில் 'என்டிட்டி' என்றிருக்கும். பக்கத்தின் முகவரியை ஒட்டியவர்களின் தரவு எதோடும் இணையாது.

## மேலும் இரண்டு, சுருக்கமாக

ஐரோப்பிய ஒன்றிய வெளியீட்டு அலுவலகம் 'ஃபைல்-டைப்' என்று ஒரு அதிகாரப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆர்டிஎஃப்பாகவே கிடைக்கும், ஒழுங்காகக் காக்கப்படுகிறது, பிடிஎஃப்/ஏ வகைகளுக்குத் தனி இடமும் உண்டு. அங்குள்ள தரவு வாசல்களின் டிகேட்-ஏபி விதி இதைக் கேட்கும். உங்கள் தரவு அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்றால் தேவையில்லை. அதன் பெயர்கள் ஐரோப்பிய மொழிகளுக்கானவை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வடிவ விவரிப்புகள் வாசிப்பதற்கு மிக நல்லவை. எந்த வடிவம் நீடிக்கும், ஏன் நீடிக்கும் என்று அலசியிருப்பார்கள். வேவ் வடிவம் அவர்களிடம் எஃப்டிடி000001. எந்த வடிவத்தில் ஸ்கேன் செய்வது என்று முடிவெடுக்கும் முன் படிக்க வேண்டியது இது. அடையாளமாக எழுதுவதற்கு ப்ரோனோம் போதும்.

## தெரிவு 5: சொந்த யூஆர்ஐ

'எங்கள் தளத்திலேயே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் வைத்து, தமிழில் விளக்கமும் எழுதினால் என்ன?' கேட்பதற்கு அழகாக இருக்கிறது. தமிழ் விளக்கம் எழுதுங்கள், தாராளமாக. அதை அடையாளமாக்க வேண்டாம்.

பணமும் ஆட்களும் இருந்த முயற்சிகளே நிற்கவில்லை. கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகம் யூடிஎஃப்ஆர் என்ற வடிவப் பதிவேட்டை முழுக்க இணைப்புத் தரவாகவே 2012இல் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஒரு சனசமூக நிலையத்தின் களப்பெயரைப் புதுப்பிக்க வேண்டியவர் வெளிநாடு போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கட்டாயம் சொந்தமாக வேண்டுமென்றால் டபிள்யூ3ஐடி வழிமாற்றி முகவரியின் கீழ் பெயர் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் இடம் மாறினாலும் யூஆர்ஐ மாறாது.

இந்தத் தெரிவு சரியாகப் பொருந்துகிற ஒரே இடம் அடுத்ததாக வருகிறது.

## பாமினியை எங்கே எழுதுவது?

தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் எங்கள் ஊர் அச்சகங்களில் தட்டச்சான மலர்கள், அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. வேர்ட் கோப்பாகவோ பேஜ்மேக்கர் கோப்பாகவோ கிடைக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை தெரியும். தேடினால் ஒரு தமிழ்ச் சொல்கூட அகப்படாது.

இப்போது மேலே சொன்ன அடையாளங்களைப் போட்டுப் பாருங்கள். ஊடக வகை 'அப்ளிகேஷன்/எம்எஸ்வேர்ட்' என்கிறது. ப்ரோனோம் எஃப்எம்டி/40, அதாவது வேர்ட் 97–2003 என்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் கோப்பை நாளை வாசிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிற தகவல் இரண்டிலும் இல்லை. ஏனென்றால் பாமினி கோப்பு வடிவம் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றிவைத்த எழுத்துக் குறியீடு. வெறும் உரைக்கோப்பாக இருந்து, குறியீடு டிஸ்கியாக (தமிழுக்கான இன்னொரு பழைய குறியீடு) இருந்தால், ஊடக வகைக்குப் பின்னால் 'சார்செட்' என்று அதைச் சொல்லிவிடலாம், டிஸ்கி ஐயானாவின் எழுத்துக்குறிப் பட்டியலில் இருக்கிறது. பாமினிக்கு அங்கே இடம் இல்லை. டிஸ்கிக்கும்கூட, அந்தச் 'சார்செட்' பகுதியைச் சரத்தில் எழுதலாமே தவிர ஐயானா யூஆர்ஐக்குள் எழுத முடியாது.

சிலர் 'அப்ளிகேஷன்/எக்ஸ்-பாமினி-வேர்ட்' என்று புதிதாக ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அந்த நிமிடமே எந்த மென்பொருளுக்கும் அது வேர்ட் கோப்பு என்பது தெரியாமல் போகும். வடிவக் கட்டத்தில் உண்மையான வடிவத்தை விட்டுவிட்டு, 'கன்ஃபார்ம்ஸ்டூ' பண்பில் 'பாமினிக் குறியீடு' என்ற உங்கள் சொந்த யூஆர்ஐயைப் போடுங்கள். அந்த யூஆர்ஐயின் பக்கத்தில் குறியீட்டு அட்டவணையையும், ஒருங்குறிக்கு மாற்றும் வழியையும் வையுங்கள். இப்படிச் செய்தால் 'இன்னும் ஒருங்குறிக்கு மாற்றாத கோப்புகள் எவை' என்று ஒரே வினவலில் கேட்கலாம். மாற்றிய பிரதியைச் சேர்க்கும்போது மூலக் கோப்பை நீக்க வேண்டாம். இரண்டையும் ஒரே மலரின் இரண்டு கோப்புகளாக வையுங்கள்.

வடக்கு கிழக்கில் வேறு சேகரிப்புகளும் இதே வேலையைச் செய்யும் என்பதால், ஆளுக்கொரு பாமினி யூஆர்ஐ உண்டாக்காமல் யாராவது ஒருவர் உண்டாக்கியதை மற்றவர் பயன்படுத்துவது நல்லது.

## பக்கம் பக்கமாக

| தெரிவு | நுணுக்கம் | யார் காப்பது | தொடர்ந்தால் கிடைப்பது | தமிழ்ப் பெயர் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| வெறும் சரம் | குறைவு | யாருமில்லை | ஒன்றுமில்லை | இல்லை | எழுத்து வேறுபாடு, எண்ணிக்கைப் பிழை |
| ஐயானா யூஆர்ஐ | குறைவு | இணையப் பதிவேடு | மனிதருக்கான பக்கம், சிலவற்றுக்கு அதுவும் இல்லை | இல்லை | முகவரித் தொடக்கம், பெரிய எழுத்து |
| ப்ரோனோம் | மிக அதிகம் | இங்கிலாந்து ஆவணக் காப்பகம் | 'இன்ஃபோ' வடிவத்தில் ஒன்றுமில்லை | இல்லை | நீண்ட வினவல், ஓய்வுபெற்ற எண்கள் |
| விக்கித்தரவு | கலப்பு | தன்னார்வலர்கள் | முழு ஆர்டிஎஃப் | உண்டு, நாமே சேர்க்கலாம் | பொருள் நகர்வு, இணைப்பு |
| ஐரோப்பியப் பட்டியல் | நடுத்தரம் | வெளியீட்டு அலுவலகம் | முழு ஆர்டிஎஃப் | இல்லை | வேறு ஊருக்காக வகுத்தது |
| சொந்த யூஆர்ஐ | நம் விருப்பம் | நாமேதான் | நாம் வைத்தது | உண்டு | களப்பெயர், ஆள், காலம் |

## யாருக்கு எது

மலர்களையும் நோட்டீஸ்களையும் இணையத்தில் காட்டுவதே நோக்கம் என்றால் படம் காட்டும் மென்பொருளுக்குச் சரம், ஆர்டிஎஃப்புக்கு ஐயானா யூஆர்ஐ. இரண்டும் ஒரே பட்டியலிலிருந்து வருவதால் ஒரு சின்ன நிரலே இரண்டையும் எழுதிவிடும்.

மீனவர் குரல்பதிவு போல, கோப்புதான் மூலம், தொலைந்தால் திரும்பக் கிடைக்காது என்றால் ப்ரோனோம் எண் கட்டாயம். பேசியவர்களில் பலர் வயதானவர்கள், மறுபடி பதிவு செய்யலாம் என்பது நடக்காத காரியம். மூல வேவ் கோப்புக்கு ஒன்று, இணையத்தில் கேட்பதற்கான எம்பி3 பிரதிக்கு எஃப்எம்டி/134 என்று தனித்தனிப் பதிவு வையுங்கள். ப்ரெமிஸ் முறையில் பாதுகாப்பு மீதரவு எழுதுபவர்களுக்கு, பதிவேட்டின் பெயர், அதில் உள்ள எண் என்று இதற்கென்றே இடம் உண்டு.

டிஸ்பேஸ் போன்ற களஞ்சியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கல்வி நிறுவனம் என்றால், மென்பொருள் தரும் ஊடக வகையோடு சண்டை போடாதீர்கள். ப்ரோனோம் எண்ணைத் தனிப் புலத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிஎஸ்வித் தரவு வெளியிடுபவர்கள் டிகேட்டும் ஐயானா யூஆர்ஐயும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். அங்கே ப்ரோனோம் எண் எதையும் புதிதாகச் சொல்லப் போவதில்லை. நெடுவரிசைகளின் பொருளை விளக்குவதற்கு அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

இவர்களில் யாராக இருந்தாலும் தமிழ்ப் பெயர் காட்ட விக்கித்தரவை ஒரு தடவை வினவி, ஊடக வகைக்கு எதிரே பெயரை எழுதிய சின்ன அட்டவணையாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரலையாக வினவினால், இணைப்பு மெதுவாகும் நாளில் பக்கமே திறக்காது.

## ஏற்கெனவே சரமாக எழுதிவிட்டிருந்தால்

முதலில் வடிவக் கட்டத்தில் உள்ள வெவ்வேறு சரங்களை மட்டும் பட்டியலாக எடுங்கள். ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் வெவ்வேறு சரங்கள் இருபது முப்பதுக்கு மேல் போவது அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐயானா வகையை எழுதி, நிரலால் மாற்றுங்கள். பழைய சரத்தை அழிக்காமல் 1.1 தொகுதியின் பண்புக்கு நகர்த்திவிடுங்கள்.

ப்ரோனோம் எண்ணை இந்த அட்டவணையிலிருந்து உண்டாக்க முயல வேண்டாம். 'பிடிஎஃப்' என்ற சரத்துக்கு அது எந்தப் பதிப்பு என்பது ஒருபோதும் தெரிந்ததில்லை. கோப்புகள் மேல் ட்ராய்டை ஓடவிட்டுத்தான் எண் எடுக்க வேண்டும். அப்போது எண்ணோடு, அடையாளம் கண்ட தேதியையும், பயன்படுத்திய அடையாளக் கோப்பின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவையுங்கள். அடுத்த முறை எஃப்எம்டி/10 போல ஏதாவது எண் ஓய்வு பெற்றால், எந்தக் கோப்புகளை மட்டும் மறுபடி ஓடவிட வேண்டும் என்பதை அந்த இரண்டு புலங்களையும் வைத்துத்தான் பிரித்தெடுக்க முடியும்.